காகிதக் களிமண்: வீட்டில் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வார இறுதியில் மண்பாண்ட வகுப்புக்குப் போய்ப் பழகிவிட்டு, வீட்டிலும் ஏதாவது செய்து பார்க்கலாமே என்று நினைக்கும் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் எல்லாம் சிங்கப்பூரில், அதுவும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்காக எழுதியவை. வெளிநாட்டுக் காணொளிகளில் தோட்டம், கொட்டகை, சொந்தச் சூளை என்று எல்லாமே இருக்கும். அதைப் பார்த்து அப்படியே இங்கே செய்தால் ஒன்று பூசணம் பிடிக்கும், இல்லாவிட்டால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

காகிதக் களிமண் என்றால் நம் ஊர்க் காகிதக்கூழ் பொம்மைதானே?

இல்லை. பண்ருட்டிப் பக்கத்துக் கொலு பொம்மையிலும், புவிசார் குறியீடு வாங்கிய புதுச்சேரி திருக்கனூர் பொம்மையிலும் காகிதம்தான் பிரதானம். அவற்றைச் சூளையில் வைப்பதில்லை, காயவைத்து வண்ணம் அடிப்பதோடு வேலை முடிந்தது. இங்கே பேசுவது அதற்கு நேர் எதிரானது. மண்தான் முக்கால்வாசிக்கு மேல், காகிதம் துணைக்கு வருகிறது. சூளையில் வைத்தால் காகிதம் எரிந்துபோய் மண் மட்டும் நிற்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கைவினைப் பொருள் கடைகளில் அதே பெயரோடு, காற்றிலேயே காய்ந்து இறுகும் பொட்டலம் ஒன்று விற்கிறார்கள். அதில் பசை கலந்திருக்கும், சூளைக்கு ஆகாது. உறையில் சுடும் வெப்பநிலை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடவில்லையென்றால் அது சுடுகிற மண் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தைப் போட்டால் மண் எப்படிப் பலப்படும்?

காகிதம் என்பது மரத்தின் நார். ஒவ்வொரு நாரும் உள்ளே குழலாக இருக்கும், தண்ணீரை உறிஞ்சி இழுக்கும். இந்த நார்கள் மண்ணுக்குள் நாலா திசையிலும் பின்னிக் கிடப்பதால் காயும்போது வரும் விரிசல் ஓடிப் பரவ முடியாமல் அங்கங்கே நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கிற ஈரமும் நார் வழியாக வெளியே வருவதால் தடித்த இடமும் மெல்லிய இடமும் ஓரளவு ஒரே சீராகக் காயும். சாதாரண மண்ணில் செய்த மெல்லிய தகடு காய்ந்தபின் கைபட்டாலே உடைந்துவிடும். காகிதம் கலந்தது அப்படி இல்லை, சுடாத நிலையிலேயே தைரியமாகத் தூக்கிக்கொண்டு பேருந்தில் போகலாம். சூளைக்காக வேறு எங்கோ எடுத்துப் போக வேண்டிய நமக்கு இதுதான் பெரிய லாபம் என்பேன்.

ஆனால் இந்தப் பலம் சுடும் வரைக்கும்தான். முதல் சூட்டுக்குப் பிறகு நார் இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளையாகிவிடும், பாண்டம் எடை குறைந்திருக்கும், சாதாரணச் சுட்ட மண்ணைவிடக் கொஞ்சம் நொறுங்கக்கூடியதாகவே இருக்கும். இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை.

நார் கலப்பது புதிய யோசனை ஒன்றும் இல்லை. ஐயனார் கோயில் மண்குதிரைகளுக்குக் குயவர்களான வேளார்கள் மணலும் உமியும் கலந்துதான் மண் பிசைகிறார்கள். ஆளுயரத்துக்கு மேல் நிற்கிற குதிரை வெடிக்காமல் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். காகிதம் கலந்த மண்ணை 1990களில் பரவலாக அறிமுகப்படுத்தியவர்களில் முக்கியமானவர் ரோசெட் கால்ட் என்ற கலைஞர்.

எங்கிருந்து தொடங்குவது?

சூளையிலிருந்து. நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. எல்லாரும் காகிதத்தை ஊறவைத்துவிட்டுத்தான் எங்கே சுடுவது என்று யோசிக்கிறார்கள். முதலில் கட்டணத்துக்குச் சுட்டுக்கொடுக்கும் ஒரு கூடத்தைப் பிடியுங்கள். வெளியாள் கொண்டுவரும் மண்ணை எடுப்பார்களா, காகிதம் கலந்ததை எடுப்பார்களா, எத்தனை டிகிரிக்குச் சுடுகிறார்கள் என்று மூன்றையும் கேளுங்கள். நிறைய இடங்களில் இரண்டாவது கேள்விக்குத் தயங்குவார்கள், அதற்கு நியாயம் இருக்கிறது. ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் காகிதம் கருகத் தொடங்கும், 500 டிகிரி வரைக்கும் புகை வரும். காற்றோட்டம் இல்லாத அறையில் அது பெரிய தொல்லை, சூளையின் மின்கம்பிச் சுருள்களுக்கும் நல்லதில்லை. அதனால் அந்தக் கட்டம் வரைக்கும் மெதுவாக, சூளையின் துளையைத் திறந்துவைத்துச் சூடேற்ற வேண்டியிருக்கும். எவ்வளவு காகிதம் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். மறைத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தால், முதல் புகையிலேயே தெரிந்துவிடும்.

ஜாலான் பஹார் பக்கம், லோரோங் தாவாஸில் இருக்கும் தௌ குவாங் டிராகன் சூளையைப் பற்றியும் கேட்கிறார்கள். 1940இல் கட்டியது, விறகு போட்டு எரிப்பது, அதனால் அங்கே காகிதப் புகை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நம் வசதிக்குத் தினமும் எரிக்கிற சூளை இல்லை அது. எரிக்கும் நாளை விசாரித்து அதற்கேற்றபடி வேலையை வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே வெப்பம் உச்சத்துக்குப் போகும் என்பதால் உயர்வெப்ப மண்ணாகப் பார்த்து வாங்குங்கள். குறைந்த வெப்பத்துச் செம்மண்ணை அங்கே வைத்தால் உருகி உட்கார்ந்துவிடும், பக்கத்தில் இருக்கிற அடுத்தவர் பாண்டத்தையும் கெடுக்கும்.

எந்தக் காகிதம் நல்லது?

கழிவறைக் காகிதச் சுருள்தான். நாகரிகமாக இல்லையே என்று முகம் சுளிக்க வேண்டாம், தண்ணீர் பட்டால் கரைவதற்கென்றே செய்தது அது. வாசனையோ பூப்படமோ இல்லாத மலிவான வகையை வாங்குங்கள். சமையலறைத் துடைப்புக் காகிதம் பார்க்க அதே மாதிரி இருந்தாலும் வேண்டாம், ஈரத்தில் கிழியாமல் இருக்க மருந்து போட்டிருப்பார்கள், எவ்வளவு அடித்தாலும் திட்டுத்திட்டாக நிற்கும்.

தமிழ் முரசு, ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் எல்லாம் ஓகே, ஆனால் செய்தித்தாள் ஊற நேரமெடுக்கும், மையால் மண் சாம்பல் நிறமாகும் (சுட்டபின் அந்த நிறம் போய்விடும்). அலுவலகத்தில் அரைத்துப் போடும் வெள்ளைத்தாளைச் சுடுதண்ணீரில் நன்றாக ஊறவைத்தால் அருமையாக வரும். பெரிய சிற்பத்துக்கு முட்டைத் தட்டு போதும். பளபளப்பான இதழ்த் தாளில் நாரைவிட மாவுப்பூச்சுதான் அதிகம், விட்டுவிடுங்கள். கடை ரசீதுகள் பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் இரசாயனத் தாள், அதைக் கையால் பிசையவே வேண்டாம்.

எத்தனைக்கு எத்தனை?

கூழைப் பிழிந்து அளந்தால், குழைத்த மண் மூன்று பங்குக்குக் கூழ் ஒரு பங்கு வரை போகலாம். பாத்திர வடிவங்களுக்கு அதில் பாதி போதும். எடைக்கணக்கு பிடிக்கும் என்றால், காய்ந்த மண்ணின் எடையில் நூற்றுக்கு மூன்று என்று தொடங்குங்கள். கடையில் வாங்கும் 5 கிலோ மண் பொட்டலத்தில் சுமார் ஒரு கிலோ தண்ணீர்தான், மீதி 4 கிலோ மண்ணுக்கு 120 கிராம் காகிதம் வரும். ஒரு சுருளை அட்டைக்குழாய் இல்லாமல் எடைபோட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், கடைக்குக் கடை மாறும்.

காகிதம் கூடக்கூடக் காய்ந்த பலம் கூடும், சுட்ட பலம் குறையும். மூக்கும் விரலும் செதுக்க வேண்டிய நுணுக்கமான வேலைக்கு அதிகக் காகிதம் எதிரி.

செய்முறையைச் சொல்லுங்கள்.

மண்ணை முதலில் முழுக்கக் காயவைத்து உடைத்துத் தண்ணீரில் போடுங்கள். இது முக்கியம், ஏனென்றால் ஈரமான கட்டியைப் போட்டால் நாள் கணக்கில் அப்படியே கிடக்கும், எலும்பாகக் காய்ந்த துண்டு சிறிது நேரத்திலேயே பொரிந்து கரைந்துவிடும். கிளறாமல் விட்டுவிட்டு மறுநாள் தெளிந்த நீரை வடித்தால் கெட்டித் தோசைமாவுப் பதத்தில் குழம்பு கிடைக்கும்.

காகிதத்தை வேறு வாளியில் சுடுதண்ணீரில் கிழித்துப் போட்டு ஊறவையுங்கள். பிறகு துளைக்கருவியில் வண்ணம் கலக்கும் துடுப்பை மாட்டி அடியுங்கள். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் கூழை விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: தனித்தனி நாராக மேகம் மாதிரி மிதந்தால் சரி, சின்னச் சின்ன காகிதத் துண்டு தெரிந்தால் இன்னும் அடிக்க வேண்டும். இந்த இடத்தில் சோம்பல்பட்டால் அந்தத் துண்டுகள் எல்லாம் பிறகு பாண்டத்தின் மேல் பருப்பருவாகத் தெரியும், சுட்டபின் குழியாகும்.

கூழைப் பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழியுங்கள், சொட்டுவது நிற்கும் வரை போதும், முறுக்கிக் கட்டியாக்கினால் திரும்பப் பிரியாது. உதிர்த்து மண்குழம்பில் போட்டுக் கலக்குங்கள். கலந்ததும் குழம்பு சட்டென்று கெட்டியாகும், பயப்பட வேண்டாம்.

பிறகு பரப்பிக் காயவிடுவது. பிளாஸ்டர் பலகை இருந்தால் நல்லது, ஆனால் அதைக் கரண்டியால் சுரண்டாதீர்கள், உதிரும் துணுக்கு மண்ணில் சேர்ந்தால் சுட்டபின் அந்த இடம் பெயர்ந்து விழும். இல்லாதவர்கள் தடித்த துண்டின் மேல் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு, அரை அங்குலக் கனத்துக்குப் பரப்பி, மின்விசிறியைத் திருப்பி வைக்கலாம். மழைக்காலத்தில் டிசம்பர், ஜனவரி வந்துவிட்டால் விசிறி இல்லாமல் நடக்காது.

சமையலறை மிக்சியில் அடிக்கலாமா?

கூழ் மட்டும் என்றால், பழசாகி ஒதுக்கிய ஜாடியில் நிறையத் தண்ணீர் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கலாம். மண்ணைப் போடாதீர்கள், கத்தியும் போகும் மோட்டாரும் போகும். மண் வேலைக்குப் போன ஜாடி அத்தோடு சட்னிக்குத் திரும்பக் கூடாது.

ஒரு வாரத்திலேயே நாறுகிறது, கறுப்பாகப் புள்ளி வந்திருக்கிறது. கெட்டுவிட்டதா?

இதுதான் இங்கே எல்லாரும் கேட்கும் கேள்வி. ஈரமான காகிதம், இருட்டான வாளி, 30 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம், கிருமிக்கு இதைவிட என்ன வேண்டும்? குளிர்நாட்டுப் புத்தகத்தில் மாதக்கணக்கில் வைக்கலாம் என்று எழுதியிருப்பதை நம்பி ஈரமாகவே மூடி வைத்துவிடுகிறார்கள்.

மண் கெடாது. நார் மட்கும், மட்கினால் நீங்கள் காகிதம் போட்டதற்கே அர்த்தம் இல்லாமல் போகும். லேசான நாற்றம் என்றால் கையுறை போட்டு உடனே பயன்படுத்தி முடித்துவிடுங்கள், சூளையில் எல்லாம் எரிந்துவிடும். பூசணம் படர்ந்திருந்தால், வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் யாராவது இருந்தால், யோசிக்காமல் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். சிலர் கொஞ்சம் பிளீச் விடுவார்கள், சிலர் வினிகர் விடுவார்கள். இரண்டில் ஏதாவது ஒன்றுதான், சேர்த்து விட்டால் குளோரின் வாயு வரும், அடைத்த வீட்டுக்குள் அது ஆபத்து.

என் யோசனை வேறு: ஈரமாகச் சேமிக்கவே சேமிக்காதீர்கள். அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஈரமாக வைத்துக்கொண்டு மீதியை அப்பள அளவுக்கு மெல்லிய தகடுகளாகப் பரப்பி முழுக்கக் காயவைத்து, பிஸ்கட் டின்னில் அடுக்கிவிடுங்கள். காய்ந்த தகட்டில் பூசணம் வராது, எத்தனை மாதமானாலும் அப்படியே இருக்கும். வேண்டும்போது தண்ணீரில் நனைத்து வளைக்கலாம், உடைத்துக் கரைத்தால் பழையபடி குழம்பு, அல்லது வெட்டிக் காய்ந்தபடியே ஒட்டிப் பெட்டி கட்டலாம். சாதாரண மண்ணில் இந்தச் சௌகரியம் கிடையாது.

வாளித் தண்ணீரை எங்கே ஊற்றுவது?

தொட்டியிலும் கழிவறையிலும் ஊற்றாதீர்கள். மண்ணும் நாரும் சேர்ந்து குழாயில் படிந்தால் அடைப்பு எடுக்க ஆள் கூப்பிட வேண்டும். இரண்டு வாளி வைத்துக்கொண்டு ஒன்றில் கையும் கருவியும் கழுவி, ஒரு நாள் தெளியவிட்டு, மேல் தண்ணீரைச் செடிக்கு விட்டு, அடிமண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

தெளியவிடும் வாளிக்கு இறுக்கமான மூடி வேண்டும். டெங்கிக் கொசு முட்டையிடத் தெளிந்த நீர் கொஞ்சம் இருந்தால் போதும், தேசியச் சுற்றுப்புற வாரியத்து அதிகாரி சோதனைக்கு வந்து பார்த்தால் மண்பாண்டக் கலை என்று விளக்கம் சொல்லித் தப்ப முடியாது, அபராதம்தான். வாளியைப் பொது நடைபாதையில் வைப்பதும் வேண்டாம்.

காய்ந்த துண்டோடு காய்ந்த துண்டை ஒட்டலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, பழகிய குயவர்களே முதலில் நம்பமாட்டார்கள். இரண்டு விளிம்பையும் கீறி, தண்ணீர் தொட்டுத் தடவி, காகிதம் கலந்த குழம்பைப் பூசி அழுத்த வேண்டும். பூசியதும் அந்த இடத்தைக் கவனியுங்கள். பளபளவென்று இருக்கும் ஈரம் இரண்டு மூன்று விநாடியில் மங்கிவிடும், காய்ந்த துண்டு அதை உள்ளே குடித்துவிட்டது என்று பொருள். அதனால் ஒரு தடவை பூசினால் போதாது, மங்க மங்க இன்னொரு பூச்சு பூசி, ஈரம் கொஞ்ச நேரம் மேலேயே நிற்கும்போதுதான் ஒட்ட வேண்டும். முதல் பூச்சிலேயே அவசரப்பட்டு ஒட்டியதுதான் பிறகு கையோடு வரும்.

விரிசலுக்கும் இதே வைத்தியம்தான். மேலே தடவி மூடாதீர்கள், கத்தி முனையால் விரிசலை அகலமாக்கி, நனைத்து, உள்ளே நிரப்புங்கள். சுட்டபிறகு வந்த விரிசலுக்கு இது அவ்வளவாக உதவாது.

சக்கரத்தில் வனைய வருமா?

வரும், கூழ் நைசாக இருந்து அளவும் குறைவாக இருந்தால். ஆனால் செதுக்கும்போது விளிம்பு மயிர் மயிராக நிற்கும், கம்பியால் அறுத்தால் நார் இழுத்துக்கொண்டு வரும். தகடு, சுருள், சிற்பம் இவற்றுக்குத்தான் இந்த மண். வெறும் குடமும் கிண்ணமும் வனைவதற்கு நல்ல சாதாரண மண்ணே மேல்.

காகிதத்துக்குப் பதில் நைலான், தேங்காய்நார், சாணி?

நைலான் நார் பொடிப்பொடியாக வெட்டி மண்பாண்டப் பொருள் கடைகளில் வருகிறது. காய்ந்த மண் ஒரு கிலோவுக்கு ஓரிரு கிராமே போதும், அதிகம் போட்டால் பூனை முடி கலந்தது மாதிரி பந்து பந்தாகச் சுற்றிக்கொள்ளும். முதலில் தண்ணீரில் பிரித்துவிட்டுத்தான் குழம்பில் சேர்க்க வேண்டும். இது மட்காது, நாறாது, நம் ஊருக்கு அது பெரிய வசதி. ஆனால் நைலான் நாருக்குத் தண்ணீரை இழுக்கும் குணம் இல்லை, அதனால் காய்ந்ததோடு காய்ந்ததை ஒட்டும் வித்தை இதில் நடக்காது. எரியும்போது வரும் புகையும் நல்லதில்லை, சூளைக்காரரிடம் இதையும் சொல்ல வேண்டும். கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போனால் பிளாஸ்டிக் போகிறது என்று அர்த்தம்.

தேங்காய்நாரைச் செடிக் கடையில் வாங்கி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக வெட்டிப் போடலாம், கரடுமுரடான பூந்தொட்டிக்கு அழகாக இருக்கும். உமி சுட்டபின் மணி மணியாகத் துளை விடும், அந்தத் தோற்றம் பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். சாணி ஊரில் நல்ல பொருள்தான், அரைபட்ட நார் அதில் தயாராகவே இருக்கிறது. பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவில் மாடு கட்டியிருக்கும் இடத்தில் வாளியோடு போய் நிற்பது உங்கள் தைரியத்தைப் பொறுத்தது.

கண்ணாடி இழை வேண்டாம். அது எரியாது, தோலில் ஏறினால் அரிக்கும், தூளை மூச்சில் இழுத்தால் கெடுதல். அதைக் கையால் பிசைகிற வேலை வீட்டுக்கு உரியது இல்லை.

வீட்டு ஓவனில் சுட்டால் போதாதா?

போதாது. வீட்டு ஓவன் 250 டிகிரியோடு நின்றுவிடும், மண் பாண்டமாக மாற முதல் சூடே ஏறக்குறைய 1000 டிகிரி. இடையில் காகிதம் கருகி வீடு முழுக்கப் புகைதான் மிஞ்சும். சின்ன மின்சூளை வாங்கி வீட்டிலேயே வைக்கலாமா என்றால், 13 ஆம்பியர் பிளக்கில் ஓடும் குட்டிச் சூளைகள் இருக்கின்றன, ஆனால் அடுக்குமாடி வீட்டுக்குள் காகிதப் புகையை எங்கே விடுவீர்கள்? நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சாப்பாட்டுத் தட்டு, காப்பிக் குவளை?

உயர்வெப்ப மண்ணாக இருந்து, அந்த மண்ணுக்கு உரிய வெப்பம் வரை சுட்டு, உணவுக்கு ஏற்ற மெருகு பூசினால் பயன்படுத்தலாம். குறைந்த வெப்பத்தில் சுட்டது தண்ணீர் கசியும், துளையில் உணவு தங்கும். குவளைக்கு இந்த மண்ணால் தனி லாபம் எதுவும் இல்லை என்பதால் ஏன் வீண் வேலை என்றுதான் கேட்பேன்.

தீபாவளிக்கு அகல் செய்து, சுடாமல் வண்ணம் மட்டும் அடித்து ஏற்றலாமா?

கூடவே கூடாது. சுடாத மண் எண்ணெயைக் குடிக்கும், உள்ளே இருப்பது காகிதம், திரியைப் பக்கத்தில் வைத்தால் அகலே திரியாகிவிடும். மின்கல விளக்கு வைக்கும் அலங்காரக் கூடாக வேண்டுமானால் சுடாமல் வைத்துக்கொள்ளுங்கள், ஈரம் படாத இடத்தில். நிஜ அகல் என்றால் சுட்டே ஆக வேண்டும். சுட்டபின் ஏற்றுவதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்து ஈரம் துடைத்துவிட்டு எண்ணெய் விடுங்கள், கடையில் வாங்கிய அகலுக்குச் செய்வது போலத்தான், காகித மண்ணில் துளை அதிகம் என்பதால் கொஞ்சம் கூடுதல் நேரம் ஊறட்டும்.

பிள்ளைகளோடு சேர்ந்து செய்யலாமா?

தாராளமாக. கூழ் பிழிவதற்கு அவர்களைவிட ஆர்வமான ஆள் கிடைக்காது. காய்ந்ததை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலையை மட்டும் கொடுக்காதீர்கள், மண்தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலுக்கு ஆகாது. பெரியவர்களும் உலர்ந்தபடி தேய்க்காமல் ஈரப் பஞ்சால் தடவியே மழுக்குங்கள். வேலை முடிந்ததும் தரையைப் பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.